மின்னஞ்சல் தலைப்பில் குறியாக்கப் பெயர்: தமிழ் மடல்களின் வழக்கு

ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் மின்னஞ்சலில் எழுத்துகள் எழுத்துகளாகவே பயணம் செய்வதில்லை. ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணாகவோ சில எண்களின் தொடராகவோ மாற்றப்பட்டு அனுப்பப்படுகிறது, பெறும் கணிப்பொறி அந்த எண்களை மீண்டும் எழுத்துகளாக்கித் திரையில் காட்டுகிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுத்துத் தரும் அட்டவணையே எழுத்துக் குறியாக்கம் எனப்படும். அனுப்புவோர் ஓர் அட்டவணையையும் பெறுவோர் வேறோர் அட்டவணையையும் கையாண்டால் மடல் சிதைந்துவிடும் ஆதலின், தான் எந்த அட்டவணைப்படி எழுதப்பட்டது என்னும் செய்தியை மடலே தன்னுடன் சுமந்து செல்ல வேண்டியுள்ளது. அச்செய்தி மடலின் தலைப்பகுதியில் ஒரு சிறு பெயராக இடம்பெறுகிறது. தமிழ் மின்னஞ்சலின் தொடக்க காலத்தில் நேர்ந்த இன்னல்களுக்கு எழுத்துருப் பற்றாக்குறையே காரணம் என்று பலரும் கருதிவந்துள்ளனர். உண்மையில் எழுத்துருக்கள் ஏராளமாக இருந்தன, அட்டவணைகளும் ஒன்றுக்கு மேற்பட்டு இருந்தன. அவற்றுக்கு உலகக் கணிப்பொறிகள் அறிந்த பெயர் மட்டும் இல்லை. இவ்வுரை நிறுவ முற்படுவது இந்தக் கருத்தையே.

பண்ருட்டி வட்டாரத்தார்க்கு இத்தகைய பெயரின் இன்றியமையாமையை விளக்குவது எளிது. இவ்வட்டாரத்து முந்திரிப் பருப்பு வெளியூருக்கு அனுப்பப்படும்போது தகரத்தின்மேல் டபிள்யூ 320 என்று எழுதப்பட்டிருந்தால், ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 வரை முழுப் பருப்புகள் இருக்கும் என்று தகரத்தைத் திறவாமலே வாங்குவோர் அறிந்துகொள்வர். அக்குறி எல்லா நாட்டு வணிகர்க்கும் பொதுவாக இருப்பதனால்தான் அது பயன்படுகிறது. ஓர் ஆலை தனக்கு மட்டுமே விளங்கும் குறியை எழுதினாலும், வேறொரு தரத்தின் குறியை எழுதினாலும், உள்ளே இருக்கும் பருப்பு எவ்வளவு நல்லதாயினும் வாணிகம் கெடும். தமிழ் மடல்கள் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இவ்விரு பிழைகளுக்கும் ஆட்பட்டே சென்றன.

மின்னஞ்சலின் வடிவத்தை வகுத்த ஆர்எஃப்சி 822 என்னும் ஆவணமும், அதை அனுப்பும் நெறியை வகுத்த ஆர்எஃப்சி 821 என்னும் ஆவணமும் 1982-ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஆர்எஃப்சி என்பது இணையத்தின் நெறிமுறைகள் எண்ணிடப்பட்டு வெளியிடப்படும் ஆவண வரிசையைக் குறிக்கும். அவ்விரண்டும் ஆஸ்கி என்னும் அமெரிக்கக் குறியாக்கத்தை மட்டுமே கருத்தில் கொண்டவை. ஆஸ்கியில் 0 முதல் 127 வரை 128 இடங்களே உண்டு. ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தற்குறிகள், சில கட்டுப்பாட்டுக் குறிகள் ஆகியவற்றோடு அது நிறைந்துவிடுகிறது. 128 இடங்களைக் குறிக்க ஏழு பிட் போதும். கணிப்பொறியின் பைட் எட்டு பிட் கொண்டது. எஞ்சிய எட்டாவது பிட்டைப் பயன்படுத்தினால் மேலும் 128 இடங்கள் கிடைக்கும், அவற்றில் வேறு மொழியை வைக்கலாம் என்பது வெளிப்படை. ஆயினும் வழியிலுள்ள அஞ்சல் வழங்கிகள் எட்டாவது பிட்டைக் காப்பாற்றும் கடப்பாடு உடையன அல்ல. அதைச் சுழியாக்கிவிட்டு மடலை மேலே அனுப்பும் வழங்கிகளும் இருந்தன.

அதனால் விளைந்ததை ஒரு சொல்லைக் கொண்டு காணலாம். பின்னர் விரிவாகக் கூறப்படவிருக்கும் திஸ்கி என்னும் தமிழ்க் குறியாக்கத்தில் 'தமிழ்' என்ற சொல் நான்கு பைட்டுகளாக எழுதப்படும்: தகரத்துக்கு 190, மகரத்துக்கு 193, இகரக் கொக்கிக்கு 162, புள்ளி பெற்ற ழகரத்துக்கு 250. எட்டாவது பிட்டைச் சுழியாக்குவது ஒவ்வோர் எண்ணிலிருந்தும் 128-ஐக் கழிப்பதற்கு ஒப்பாகும் ஆதலின், கிடைப்பவை 62, 65, 34, 122 என்னும் எண்கள். அவை ஆஸ்கியில் முறையே 'பெரிது' என்னும் கணிதக் குறி, ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ, இரட்டை மேற்கோள் குறி, சிறிய எழுத்து இசட் ஆகியவற்றைக் குறிக்கும். மொழியின் பெயரே இவ்வாறு மாறிப்போன மடலைப் பெற்ற ஒருவர் அதை எந்த எழுத்துருவைக் கொண்டும் மீட்டெடுக்க இயலாது, ஏனெனில் எழுத்துருவுக்கு எட்டும் முன்பே எண் மாறிவிட்டது.

இக்குறையைத் தீர்க்க 1992 ஜூன் திங்களில் இரண்டு ஆவணங்கள் வெளிவந்தன. நத்தேனியல் போரென்ஸ்டைன், நெட் ஃபிரீட் ஆகிய இருவரும் எழுதிய ஆர்எஃப்சி 1341, மைம் என்னும் முறையை வகுத்து, மடலின் உடற்பகுதி எந்தக் குறியாக்கத்தில் உள்ளது என்பதை அறிவிக்கும் இடத்தைத் தலைப்பகுதியில் அமைத்தது. அதனுடன் வெளிவந்த, கீத் மூர் எழுதிய ஆர்எஃப்சி 1342, தலைப்பகுதிக்குள்ளேயே ஆஸ்கி அல்லாத எழுத்துகளை எழுதும் வழியைக் கூறியது. இரண்டும் திருத்தம் பெற்று 1996 நவம்பரில் வெளிவந்தவையே ஆர்எஃப்சி 2045 முதல் 2049 வரையிலான ஐந்து ஆவணங்கள். தலைப்பகுதிக்கு உரியது அவற்றுள் 2047.

தலைப்பகுதிக்குத் தனி முறை ஏன் தேவைப்பட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. உடற்பகுதிக்குரிய குறியாக்கத்தைத் தலைப்பகுதி அறிவிக்கிறது; தலைப்பகுதிக்குரியதை அறிவிக்க அதற்கு முன்னால் வேறொரு பகுதி இல்லை. ஆகவே மூர் வகுத்த முறையில் ஒவ்வொரு சொற்கூறும் தன் குறியாக்கத்தின் பெயரைத் தானே தாங்கி நிற்கிறது. அதன் வடிவம் =?பெயர்?முறை?உள்ளடக்கம்?= என்பதாகும். பெயர் என்பது குறியாக்கத்தின் பெயர். முறை என்பது பி அல்லது க்யூ என்னும் ஓரெழுத்து. எட்டு பிட் பைட்டுகளை ஆஸ்கி எழுத்துகளாக மாற்றிய வழியை அது கூறும். பி என்றால் பேஸ்64, அதாவது மூன்று பைட்டுகளை நான்கு ஆஸ்கி எழுத்துகளாக்குதல். க்யூ என்றால் ஆஸ்கி அல்லாத ஒவ்வொரு பைட்டையும் சமக்குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கங்களுமாக எழுதுதல். இவ்வாறு கட்டப்பட்ட கூறு எந்தப் பழைய வழங்கியின் வழியாகச் சென்றாலும் ஆஸ்கி எழுத்துகளாகவே தோன்றும் ஆதலின் எட்டாவது பிட் என்னும் தொல்லையே எழாது. அனுப்புநர் பெயரில் ஒரு குறியாக்கமும் பொருள் வரியில் வேறொரு குறியாக்கமும் இருப்பினும், ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லி நிற்பதால் குழப்பம் நேராது.

இம்முறை முழுவதும் ஒரு பொதுப் பெயர்ப் பட்டியல் இருத்தலைச் சார்ந்துள்ளது. அப்பட்டியலைப் பேணுவது ஐயானா எனப்படும் இணைய எண்கள் ஒதுக்கீட்டு ஆணையம். அதில் பெயரைப் பதியும் நடைமுறையை 2000 அக்டோபரில் வெளிவந்த ஆர்எஃப்சி 2978 வகுத்துள்ளது. ஒரு குறியாக்கத்துக்கு ஒரு முதன்மைப் பெயரும், வேண்டின் மாற்றுப் பெயர்களும், ஓர் அடையாள எண்ணும் தரப்படும். பெயரில் 40 எழுத்துகள் வரை இருக்கலாம், ஆங்கிலப் பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு கருதப்படாது. ஆஸ்கியின் எண் 3. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குரிய ஐஎஸ்ஓ-8859-1 என்பதன் எண் 4. யூடிஎஃப்-8 என்பதன் எண் 106. முதன்மைப் பெயர் ஒன்றாகவும் மின்னஞ்சலில் எழுதத்தக்க பெயர் வேறாகவும் இருக்குமிடத்து, எது மைம் முறைக்கு உகந்தது என்பதையும் பட்டியல் குறித்துவைக்கிறது. இப்பட்டியலில் இல்லாத பெயரை எழுத விரும்புவோர் எக்ஸ் என்னும் எழுத்தையும் ஒரு சிறு கோட்டையும் முன்னே சேர்த்து, இது தனிப்பட்ட உடன்பாட்டின் பெயர் என்று காட்டுவது வழக்கம்.

தமிழின் நிலை இப்பட்டியலுக்கு வெளியே இருந்தது. 1980-களின் நடுவிலிருந்து கனடாவிலும் மலேசியாவிலும் சுவிட்சர்லாந்திலும் தமிழ் எழுத்துக் கருவிகள் உருவாயின. மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சலும், சுவிட்சர்லாந்தின் லோசானில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் ஆக்கிய மயிலை எழுத்துருவும் புலம்பெயர்ந்த தமிழரிடையே பரவின. ஒவ்வொன்றும் தமிழ் எழுத்துகளைத் தனக்குரிய வரிசையில் வைத்தது. ஒன்றில் எழுதிய மடலை மற்றொன்றால் படிக்க இயலவில்லை. 1997-இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் மாநாட்டில் இது பேசப்பட்டது. அதை ஒட்டிய ஆண்டுகளில் பல நாட்டுத் தமிழ் வல்லுநர்கள் மின்னஞ்சல் வழியாகவே கலந்துரையாடி, தமிழுக்கான பொதுத் தகவல் பரிமாற்றக் குறியாக்கமாகிய திஸ்கியை வகுத்தனர். கடிதம் எழுதிக் கடிதத்துக்கான எழுத்தையே வகுத்த அம்முயற்சி, அரசின் ஆணையோ பெருநிறுவனத்தின் பொருளோ இன்றி நடந்தது. தமிழ்க் கணிமையின் வரலாற்றில் அதற்குரிய மதிப்பு இன்னும் முழுமையாக வழங்கப்படவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் வெளியிடுவதற்குப் பின்னர் திஸ்கியை மேற்கொண்டது. இதற்கிடையே 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் வேறு இரண்டு குறியாக்கங்களை ஏற்றது. முன்னது தமிழுக்கு மட்டும் உரியது. பின்னது தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பொது.

திஸ்கி, டாம், டாப் ஆகிய மூன்றும் நன்கு சிந்தித்து அமைக்கப்பட்டவையே. எனினும் 1990-களின் இறுதியில் இவற்றுள் எதன் பெயரும் ஐயானாவின் பட்டியலில் இல்லை. அக்காலத்து மின்னஞ்சல் நிரல்களுக்குக் குறியாக்கப் பெயர் கட்டாயம் தேவைப்பட்டது. திஸ்கி என்ற பெயர் அவற்றின் தெரிவுப் பட்டியலில் இல்லை. ஆகவே அனுப்புவோர் கிடைத்த பெயரை எழுதினர். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குரிய ஐஎஸ்ஓ-8859-1 என்ற பெயரே பெரும்பாலும் எழுதப்பட்டது. சிலர் 'பயனர் வரையறுத்தது' என்று பொருள்படும், எக்ஸ் முன்னொட்டுடன் கூடிய பெயரை எழுதினர். முதற்பெயர் பொய்யானது, இரண்டாவது எதையும் சொல்லாதது. பெறுவோர் தம் நிரலில் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான எழுத்துருவாகத் தமிழ் எழுத்துருவைத் தெரிவுசெய்து வைத்திருந்தால் மட்டுமே மடல் தமிழாகத் தோன்றியது. பொய்ப் பெயரும் அதற்கேற்பத் திருத்திய எழுத்துருவும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்ட அந்த ஏற்பாடு, இருவரும் ஒரே எழுத்துருவை வைத்திருந்த வரையில் நன்றாகவே நடந்தது. அதுவே அதன் தீமை. நடந்தமையால் பெயரைத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் பலர்க்கும் தோன்றவில்லை.

எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் நிரல் அறிவித்த பெயரை நம்பி அப்படியே காட்டியது. 'தமிழ்' என்ற சொல்லின் நான்கு பைட்டுகள் ஐஎஸ்ஓ-8859-1 அட்டவணைப்படி முக்கால் என்னும் பின்னக் குறி, மேலே சாய்கோடு பெற்ற பெரிய ஏ, சென்ட் நாணயக் குறி, மேலே சாய்கோடு பெற்ற சிறிய யு ஆகியவையாகத் தோன்றின. அக்காலத்தில் தமிழ் மடல்களைக் கையாண்டவர்கள் அந்த நான்கு குறிகளையும் பார்த்தவுடனே இது திஸ்கி என்று கூறிவிடும் அளவுக்குப் பழகிப்போயிருந்தனர். மனிதருக்கு அந்தப் பழக்கம் கைகொடுத்தது. தேடுபொறிக்கும் வரிசைப்படுத்தும் நிரலுக்கும் அது இல்லை. பொருள் வரியில் ஓர் ஊர்ப்பெயரைத் தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் அடுக்கினால் அடுக்கு பொருளற்றுப்போகும்.

திஸ்கி பல ஆண்டுகள் தனிப்பட்ட உடன்பாட்டின் அளவிலேயே வழங்கி, பின்னர் 2007-இல் ஐயானாவின் பட்டியலில் பதிவு பெற்றது. அதற்கு அளிக்கப்பட்ட எண் 2107. தமிழ்க் குறியாக்கம் ஒன்றுக்கு உலகப் பட்டியலில் தனிப்பெயர் கிடைத்தது பெருமைக்குரிய செயல். ஆயினும் அந்தப் பெயர் வருவதற்குள் தேவை பெரும்பாலும் கடந்துபோயிருந்தது. விண்டோஸ் 2000 இயக்குதளம் லதா எழுத்துருவுடன், அடுத்து விளக்கப்படவிருக்கும் யூனிக்கோடு முறையில் தமிழைத் தாங்கி வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் மடல்களும் செய்தித்தளங்களும் யூனிக்கோடுக்கு மாறின. 1998-இல் இப்பதிவு நிகழ்ந்திருப்பின் நிரல்களின் தெரிவுப் பட்டியலில் தமிழ் தன் பெயராலேயே நின்றிருக்கும், பல்லாயிரம் மடல்கள் பொய்ப் பெயருடன் சேமிப்பில் கிடக்கும் நிலையும் நேர்ந்திராது.

இன்று தமிழ் மடல்கள் யூனிக்கோடை யூடிஎஃப்-8 வடிவில் ஏந்திச் செல்கின்றன. யூனிக்கோடு என்பது உலக எழுத்துகள் அனைத்துக்கும் எண் வழங்கும் அட்டவணை. யூடிஎஃப்-8 என்பது அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறை. இம்முறையில் ஆஸ்கி எழுத்துக்கு ஒரு பைட்டும் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டுகளும் ஆகும். உயிர்மெய்யெழுத்தின் மெய்யும் கொக்கியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுதலால், 'பண்ருட்டி' என்னும் ஐந்தெழுத்துச் சொல் ஒன்பது குறிகளாகி 27 பைட்டுகளையும், 'நெய்வேலி' என்னும் நான்கெழுத்துச் சொல் எட்டுக் குறிகளாகி 24 பைட்டுகளையும் பெறுகின்றன. திஸ்கியில் இவை முறையே ஐந்து பைட்டும் ஏழு பைட்டும் மட்டுமே. சேமிப்பின் அளவு இன்று பெரிய செய்தி அன்று. தலைப்பகுதியில் மட்டும் அது செய்தியாகிறது.

காரணம் ஆர்எஃப்சி 2047 விதித்துள்ள ஓர் எல்லை. குறியாக்கப் பெயருடன் கூடிய ஒரு கூறு 75 ஆஸ்கி எழுத்துகளுக்கு மேற்படலாகாது. யூடிஎஃப்-8 என்ற பெயரும் அதைச் சூழ்ந்த குறிகளும் 12 எழுத்துகளை எடுத்துக்கொள்ள, எஞ்சுவன 63. பேஸ்64 நான்கு நான்காகவே வளரும் ஆதலின் பயன்படுவன 60. அவற்றில் அடங்குவன 45 பைட்டுகள், அதாவது 15 தமிழ்க் குறிகள். க்யூ முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது எழுத்துகள் தேவைப்படுதலால் ஏழு குறிகளே அடங்கும். தமிழ்ப் பொருள் வரிக்குப் பி முறையே தக்கது என்பது இக்கணக்கால் தெளியப்படும். இரண்டில் குறுகியதைத் தானே தேர்ந்தெடுக்கும் நிரல் தொகுப்புகளும் தமிழுக்குப் பி முறையையே தேர்கின்றன.

இனிப் 'பண்ருட்டி நெய்வேலி' என்று இரண்டே சொற்களில் ஒரு பொருள் வரி எழுதப்படுவதாகக் கொள்க. முதற்சொல்லுக்கு 27, இடைவெளிக்கு 1, இரண்டாம் சொல்லுக்கு 24 என மொத்தம் 52 பைட்டுகள். 45-ஐ அது கடந்துவிட்டமையால் இரண்டு கூறுகளாகப் பிரித்தே எழுத வேண்டும். பைட்டுகளை எண்ணி 45-ஆவதில் வெட்டும் நிரல், முதற்சொல்லையும் இடைவெளியையும் கடந்து, நகரம், எகரக் கொம்பு, யகரம், புள்ளி, வகரம் ஆகிய ஐந்து குறிகளை முழுமையாக எடுத்துக்கொண்டு, அடுத்து வரும் ஏகாரக் கொம்பின் மூன்று பைட்டுகளில் இரண்டை முதற்கூற்றிலும் மூன்றாவதை இரண்டாம் கூற்றிலும் வைத்துவிடும். பெறுமிடத்தில் 'நெய்வ' என்பதற்குப் பின் கேள்விக்குறி பொதிந்த கட்டங்களும் அவற்றுக்குப் பின் 'லி' என்பதும் தோன்றும். ஒரு கூற்றில் முழு எழுத்துக் குறிகளே இருக்க வேண்டும், குறியின் பாதி ஒன்றிலும் மீதி மற்றொன்றிலும் இருத்தல் ஆகாது என்று ஆர்எஃப்சி 2047 வெளிப்படையாகக் கூறியிருத்தலால் இது நிரலின் பிழையே.

இப்பிழை எளிதில் கண்ணில் படாமைக்கு ஒரு நுட்பமான காரணம் உண்டு. இடைவெளியே இல்லாத நீண்ட தமிழ்ச்சொல் ஒன்றைக் கொடுத்துச் சோதித்தால், 45 என்பது மூன்றின் மடங்காதலின் வெட்டு எப்போதும் குறியின் எல்லையிலேயே விழும், பிழை வெளிப்படாது. ஒரு பைட் அளவுள்ள இடைவெளியோ நிறுத்தற்குறியோ இடையில் வந்தவுடன் ஒழுங்கு பிறழ்கிறது. மேலும் சில வாசிப்பு நிரல்கள் அடுத்தடுத்த கூறுகளின் பைட்டுகளை முதலில் ஒன்றுசேர்த்துப் பின்னரே எழுத்தாக்குதலால் அவற்றில் மடல் நன்றாகவே தோன்றும். நெறியை அப்படியே பின்பற்றும் நிரலிலேயே சிதையும். சோதிப்போர் இரண்டு மூன்று சொற்களும் காற்புள்ளியும் எண்ணும் கலந்த பொருள் வரியைக் கையாள்வது நலம். இடைவெளியைப் பற்றி இன்னொரு விதியும் அறியத்தக்கது: அடுத்தடுத்த இரண்டு கூறுகளுக்கு இடையே உள்ள வெற்றிடம் காட்சியில் நீக்கப்பட்டுவிடும் ஆதலின், சொற்களுக்கு நடுவே வேண்டிய இடைவெளி ஏதேனும் ஒரு கூற்றின் உள்ளே குறியாக்கம் பெற்றிருக்க வேண்டும்.

நிரலாக்க மொழிகளுக்குள் குறியாக்கங்கள் வழங்கும் பெயர் ஒன்று, மின்னஞ்சலில் எழுதத்தக்க பெயர் வேறொன்று என்னும் வேறுபாடே நிரலாளரை மிகுதியும் தடுமாறச் செய்வது. ஜாவா மொழியின் பழைய உட்பெயர்களில் யூடிஎஃப்-8 நடுவே கோடின்றி எழுதப்பட்டது. அம்மொழிக்குரிய அஞ்சல் தொகுப்பு, உட்பெயரை மைம் பெயராக மாற்றித் தரும் தனிச்செயல் ஒன்றை வைத்திருப்பது இதனாலேயே. மைக்ரோசாஃப்டின் டாட் நெட்டில் ஒரு குறியாக்கத்துக்கு வலைக்குரிய பெயர், தலைப்பகுதிக்குரிய பெயர், உடற்பகுதிக்குரிய பெயர் என மூன்று பெயர்கள் தனித்தனியே கொடுக்கப்பட்டுள்ளன. விண்டோஸ்-1252 என்னும் குறியாக்கத்துக்கு அங்கே தலைப்பகுதிப் பெயர் அதுவே. உடற்பகுதிப் பெயரோ ஐஎஸ்ஓ-8859-1. ஜப்பானிய ஷிஃப்ட்-ஜிஸ் குறியாக்கத்துக்குத் தலைப்பகுதிப் பெயராகத் தரப்படுவது ஐஎஸ்ஓ-2022-ஜேபி. ஜப்பானிய மின்னஞ்சல் வழக்கில் நிலைபெற்றது அப்பெயரே ஆதலின் அவ்வாறு அமைத்தனர். பைத்தான் மொழியின் மின்னஞ்சல் தொகுப்பும் இதே வழக்கைப் பின்பற்றி அக்குறியாக்கத்தை மாற்றியே அனுப்புகிறது. இந்திய அரசின் தரமாகிய இஸ்கியின் தமிழ்ப் பிரிவுக்கு விண்டோஸில் 57004 என்ற எண்ணும், எக்ஸ் முன்னொட்டுடன் கூடிய பெயரும் உண்டு. முன்னொட்டே அது பொதுவழக்கிற்குரிய பெயரன்று என எச்சரிக்கிறது. தரவுத்தளங்களின் பெயர்கள் இன்னும் ஆபத்தானவை: மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் யூடிஎஃப்8எம்பி4 என்று வழங்கும் பெயரை அப்படியே எடுத்து மடலின் தலைப்பில் எழுதினால் அதைப் புரிந்துகொள்ளும் கடப்பாடு எந்த அஞ்சல் நிரலுக்கும் இல்லை.

யூனிக்கோடு என்ற சொல்லே ஒரு கண்ணியாக அமைவதும் உண்டு. தமிழ்ப் பயனர்கள் யூடிஎஃப்-8-ஐ யூனிக்கோடு என்றே அழைக்கின்றனர். ஆனால் டாட் நெட்டில் யூனிக்கோடு என்று பெயரிடப்பட்ட குறியாக்கம் யூடிஎஃப்-16 ஆகும், அது மின்னஞ்சல் உரைக்கு ஏற்றதன்று. 2010 ஜூன் திங்களில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றபோது தமிழ்நாட்டரசு யூனிக்கோடுடன் சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியாக்கம் மேலும் நுண்ணிய சிக்கலை உடையது. அது யூனிக்கோடின் தனிப்பயன் பகுதியில் உள்ள எண்களைக் கையாளுகிறது. அவ்வாறு எழுதிய மடலைப் பைட்டாக்கும்போதும் பெயர் யூடிஎஃப்-8 என்றே அமையும். பெயர் பொய்யன்று, எனினும் தனிப்பயன் பகுதியின் எண்களுக்குப் பொருள் இரு தரப்பாரின் உடன்பாட்டால் மட்டுமே அமைதலின், பழைய எழுத்துருக் காலத்தின் நிலை புதிய பெயருக்குள் மீண்டும் குடியேறிவிடுகிறது. அச்சுத் தொழிலில் அதற்குரிய பயன்கள் இருக்கலாம். மடல்களில் அதைக் கையாளாதிருத்தலே தக்கது.

அனுப்புநர் பெயரை எழுதுமிடத்திலும் இணைப்புக் கோப்பின் பெயரை எழுதுமிடத்திலும் தனித்தனி விதிகள் உண்டு. அனுப்புநர் பெயராக எழுதப்படும் கூறு மேற்கோள் குறிகளுக்குள் வரலாகாது. வந்தால் நெறிப்படி நடக்கும் நிரல் அதை எழுத்தாக்காமல் அப்படியே காட்டிவிடும். கோப்பின் பெயருக்கு 1997-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2231 வேறொரு வடிவத்தை வகுத்துள்ளது. 2012 பிப்ரவரியில் வெளிவந்த ஆர்எஃப்சி 6531, 6532 ஆகியவை, இரு பக்கத்து வழங்கிகளும் உடன்பட்டால் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 எழுத்துகளை எந்த உறையுமின்றி நேரடியாக எழுதலாம் என்றும், மின்னஞ்சல் முகவரியையே தமிழில் அமைக்கலாம் என்றும் வழிவகுத்துள்ளன. எல்லா வழங்கிகளும் அதற்கு இசையும் நாள் வரும்வரை பெயருடன் கூடிய கூறுகளே அரண்.

எஞ்சியிருப்பது பழைய மடல்களைப் பற்றிய கடமை. நெய்வேலி நகரியத்திலிருந்து வெளிநாடு சென்ற மக்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் இடையே 1990-களின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் தமிழில் சென்ற மடல்கள் எவர் வீட்டுப் பழைய வன்வட்டிலேனும் இருக்குமாயின், அவை ஐஎஸ்ஓ-8859-1 என்னும் பொய்ப் பெயருடனேயே இருக்கக் கூடும். அப்பெயரை நம்பி அவற்றை யூடிஎஃப்-8 ஆக மாற்றும் நிரல், 'தமிழ்' என்ற சொல்லின் நான்கு பைட்டுகளை எட்டாக்கி, பின்னக் குறியையும் நாணயக் குறியையும் நிலையான எழுத்துகளாகவே பதிந்துவிடும். இது மீட்கத்தக்கதே: எட்டை மீண்டும் ஐஎஸ்ஓ-8859-1 ஆக மாற்றிப் பழைய நான்கைப் பெற்று, அவற்றைத் திஸ்கி என்று அறிவித்துப் படித்தால் சொல் திரும்பிவிடும். லினக்சில் வழங்கும் க்ளிப்சி தொகுப்பின் ஐகான்வ் கருவிக்குத் திஸ்கி தெரியும். பைத்தானின் இயல்பான தொகுப்பில் அப்பெயர் இல்லை, கேட்டால் பிழை என்றே அறிவிக்கும், ஆகவே மாற்றத்தை ஐகான்வ் வழியாகச் செய்வது எளிது. மாற்றம் விண்டோஸ்-1252 வழியாக நிகழ்ந்திருப்பின் நிலைமை கடுமையானது. அவ்வட்டவணையில் 128 முதல் 159 வரையுள்ள இடங்களில் ஐந்து வெற்றிடங்கள் உண்டு. திஸ்கியில் அதே எல்லைக்குள் தமிழ் எண்களும் கிரந்த எழுத்துகளும் அமைந்துள்ளன. வெற்றிடத்தில் விழுந்த குறியை ஒரு கேள்விக்குறியாக மாற்றிவிட்ட நிரலிடமிருந்து அதை மீட்க வழியில்லை.

ஆதலின் இம்மடல்களைக் கையாள்வோர் முதலில் மூலப் பைட்டுகளை எவ்வித மாற்றமுமின்றிப் படியெடுத்து வைக்க வேண்டும். அறிவிக்கப்பட்ட பெயரையும் ஆராய்ந்து கண்ட உண்மைப் பெயரையும் அருகருகே குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பின்னரே யூடிஎஃப்-8 வடிவை ஆக்க வேண்டும். திரையில் தோன்றும் சிதைவே உண்மைப் பெயரைக் காட்டிக்கொடுக்கும். முக்கால் குறியும் சென்ட் குறியும் அடிக்கடி வந்தால் அது திஸ்கியாக இருத்தல் கூடும்; மேலே இடப்புறம் சாய்ந்த கோடு பெற்ற சிறிய ஏயும் வட்டத்துக்குள் ஆரும் இணைந்து மூன்று பைட்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் அது பெயர் மாறிய யூடிஎஃப்-8, ஏனெனில் தமிழ்க் குறிகளில் பெரும்பாலானவற்றின் முதல் இரண்டு பைட்டுகள் அவ்விரு குறிகளுக்கே உரியவை.